மடியில் ஒரு சோப்பு டப்பா

விசில் ஊதிவிட்டார்கள். இரண்டாம் பாதி. இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், மடியில் சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கேலரியின் மூன்றாவது படியில் குடையை மடக்கி முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருக்கும் தனபாக்கியத்தைப் பார்க்காத மாதிரி பாவனை செய்துகொண்டு. அவள் வருவாள் என்று யார் கண்டது. இடைவேளையில் பெண்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், படியேறிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு படிக்கும் குடையை ஊன்றி. டப்பாவுக்குள் பதினோரு பெண்களின் தோடும் மூக்குத்தியும் கொலுசும் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, என் கைக்குட்டையில் சுற்றி, பதினொன்றாம் நம்பர் அம்சவேணியின் தாலி. அந்த அம்சவேணியின் மாமியார்தான் தனபாக்கியம். "தாலியக் கழட்டாமலே ஆடலாம்மா, துணியில சுத்தி பனியனுக்குள்ள பின் குத்திக்குவா, ரெஃப்ரீ ஒத்துக்குவாங்க" என்று பத்து நாளைக்கு முன்னால் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, நாக்கு கூசாமல் சொன்னவள் நான். ரெஃப்ரீ ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது இந்த ஜில்லாவில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

பந்து நடுவில் உருள்கிறது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மஞ்சள் ஜெர்சிக்காரிகள் நல்ல உயரம், நம் பெண்கள் நல்ல ஓட்டம். முதல் பாதியில் அம்சவேணி என் பக்கத்து லைனில் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியதில் இடது விங் கேலரிக்கு நேர் கீழே போய்விட்டது. இனி அவள் மாமியாரின் கண்ணுக்குக் கீழே ஓடவேண்டும், நான் இங்கிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கவேண்டும். இடைவேளை முடிந்து பூட்ஸை மறுபடி மாட்டும்போதே சொன்னேன், "ஏய் அம்சா, உங்க அத்தை வந்திருக்காங்கடி." அவள் லேஸை இழுத்து முடிந்துகொண்டே கேலரியை ஒரு பார்வை பார்த்தாள். "தெரியும் மேடம். பாத்துட்டுப் போவட்டும்." அவ்வளவுதான். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு இருக்கிற நெஞ்சழுத்தத்தில் கால்வாசி அந்த வயசில் எனக்கு இருந்திருந்தால். இருந்ததே, இருந்ததே. எங்கே போயிற்று? அதைத்தான் இருபத்து நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்து. லெஃப்ட்டில் போடு, லெஃப்ட்டில் போடு, யாரும் இல்லை அங்கே. கத்தினால் கேட்காது. கத்தினேன். கேட்கவில்லை.

நகை விஷயத்தில் எனக்கு ஒரு முறை உண்டு. மேட்சுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக வந்து, அவரவர் கையாலேயே கழற்றி, டப்பாவில் போடவேண்டும். நான் யாருடையதையும் கழற்றமாட்டேன். மூக்குத்தித் திருகு இறுகிப்போய் நிற்கிற பெண் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போராடினாலும் கூட இருப்பேனே தவிர கை வைக்கமாட்டேன். மெட்டி போட்டிருப்பவள் பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு போவாள். எனக்குத் தெரியும், ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், இரண்டாவது விரல் கடிக்கிற பெண் திரும்பும்போது ஒரு அரை அடி தாமதமாகத் திரும்புவாள். கல்யாணமான பெண்ணிடம் தாலியைக் கழற்று என்று மட்டும் நான் சொன்னதே இல்லை. டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பேன். இத்தனை வருஷத்தில் ஆறு பேர் அந்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள். ஆறு பேரும் டப்பாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "தலைவலி மேடம்", "கால் சுளுக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் சரி என்றேன். நான் எந்த வாயால் சொல்வது. இன்று அம்சவேணி தோட்டை டப்பாவில் போட்டாள், கொலுசைப் போட்டாள், பிறகு ஜடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தலைவழியாக உருவினாள். சட்டையைக் கழற்றுகிற மாதிரி சாதாரணமாக. நான்தான் ஆடிப்போனேன். "டப்பாவுல மத்ததோட சேர வேணாம் மேடம், தனியா சுத்தி வைங்க" என்றாள். மரியாதை தெரியாமல் கழற்றவில்லை அவள். என் கைக்குட்டையை எடுத்துச் சுற்றினேன். இன்னும் கழுத்துச் சூடு இருந்தது அதில்.

சூடு. அந்தச் சூட்டை நினைத்தால் பயம் வருகிறது. பயமா எனக்கு? தமயந்தியா பயப்படுவது? பயம்தான். தனபாக்கியம் விதவை. அவள் மகன், அம்சாவின் புருஷன், லாரி ஓட்டுகிறவன், இந்த நிமிஷம் வடக்கே எங்கேயோ ரோட்டில் இருக்கிறான். மண்ணச்சநல்லூர் தாண்டி அந்த வீட்டுக்கு நான் போன அன்றைக்கு அவள் சண்டை போட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், அதுவும் எப்படி? பட்டுக்கரைச் சேலை, நெற்றியில் அரை ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், எப்போதும் பீரோவில் கிடக்கிற என் தாலிச் சங்கிலியை எடுத்து மாட்டி, அதைச் சேலைக்கு மேலே தெரிகிற மாதிரி இழுத்து விட்டுக்கொண்டு. வேஷம். அவள் என் கழுத்தைப் பார்த்தாள், உட்காரச் சொன்னாள், காப்பி போட்டாள். "பரீட்சை எழுதட்டும் டீச்சர், படிக்கட்டும், நான் வேணாங்கல. ஓடட்டும்கூட. ஆனா அது மட்டும் ஒரு நிமிஷம் கழுத்த விட்டு எறங்கக் கூடாது. நான் கழட்டினவ. அது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. ஊறுகாய் எப்படிப் போடுவது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அப்போதே நான் எழுந்து வந்திருக்கவேண்டும், அல்லது உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். வாய் தானாகத் திறந்து, துணியில் சுத்தி பின் குத்திக்கலாம் என்றது. ஒத்துக்குவாங்க என்றது. "நீங்க சொன்னா சரி டீச்சர்" என்றாள் அவள். இந்த 'நீங்க சொன்னா சரி' இருக்கிறதே, பத்து நாளாகச் சோறு இறங்கவிடாமல் தொண்டையில் நிற்கிறது. பொய் சொன்னதற்கு வருத்தமா என்றால், இல்லை. இன்னொரு தரம் அதே வீட்டுக்குப் போனாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன். அவளிடம் சொன்னோமே என்பதுதான் வருத்தம்.

கார்னர் அவர்களுக்கு. நம் கோல்கீப்பர் பந்தைக் குத்தித் தள்ளிவிட்டாள். மூச்சு வந்தது. மேலே ஷாமியானா நிழலில் இரண்டு பேர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யூனிவர்சிட்டி டீமுக்குப் பதினெட்டுப் பேரைப் பொறுக்க வந்தவர்கள். இன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் பெயரை எழுதிவிடுவார்கள். அந்தப் பதினெட்டில் அம்சா இருந்தால் அவள் வீட்டில் யாரும் அவ்வளவு சுலபமாகப் படிப்பை நிறுத்தமுடியாது, விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு ஒரு கால் உள்ளே வைத்த மாதிரி. இல்லாவிட்டால் எட்டு மாசப் படிப்பு பாக்கி இருக்கும்போதே அடுப்படி. அதனால் அவள் ஆடவேண்டும், கடைசி விசில் வரை ஆடவேண்டும். என் பொய்க்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஆனாலும் தனபாக்கியம் குடையைக் கை மாற்றி வைக்கிறபோதெல்லாம் என் கால் விரல்கள் பூட்ஸுக்குள் சுருங்குகின்றன. கேன்வாஸ் ஷூ இது. பூட்ஸ் போட்டு எத்தனை வருஷம். என் முதல் பூட்ஸ் பையன்கள் சைஸ் ஆறு. பொம்பளைக்கு அளவு ஏது அந்தக் காலத்தில். எழுபத்தெட்டாம் வருஷம். கல்லூரி நோட்டீஸ் போர்டில் புட்பால் ஆட விருப்பமுள்ள மாணவிகள் பெயர் கொடுக்கலாம் என்று ஒட்டியிருந்தார்கள். பதினாலு பேர் கொடுத்தோம். வீட்டில் சொல்லிவிட்டுக் கொடுத்தது நாலு பேர். நான் அந்த நாலில் ஒருத்தி. பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவளுக்கு பந்து என்ன புதுசா. கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டே இடது காலைப் பழக்கியவள். மறுநாள் அப்பா பூட்ஸோடு வந்தார், முன்னால் இடம் காலியாக இருக்கும் என்று ரயில்வே பட்டறையில் கை துடைக்கிற நூல் கழிவைச் சுருட்டித் திணித்து. கால் முழுக்க எண்ணெய் வாசனை. மூணு வருஷம் அந்த வாசனையோடு ஓடினேன்.

முதல் மேட்ச் ஆட எதிர்க்கட்சி கிடையாது. ஜில்லாவிலேயே வேறு பொம்பளை டீம் இல்லை. ஹைஸ்கூல் பையன்களோடு ஆடவிட்டார்கள். எள் போட்டால் விழாத கூட்டம். பாவாடை முட்டிக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவு, அடுத்த வருஷம்தான் நிஜார் வந்தது, அதுவும் முட்டி வரை, கீழே சாக்ஸ் முட்டி வரை, நடுவில் ஓர் அங்குலம் தெரிந்தது. அந்த ஓர் அங்குலத்தைப் பார்க்க மூன்று தெரு ஆட்கள் வந்தார்கள். "ஏம்மா, சோறு வடிச்சிட்டு வந்தியா" என்று ஒருத்தன் கத்தினான். நான் வடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பையன்கள் மேலே படப் பயந்து விலகி விலகிப் போனார்கள், படுபாவிகள், தொட்டால் பாவம் மாதிரி. நான் விலகவில்லை. தோளைக் கொடுத்து ஒருத்தனைச் சாய்த்துவிட்டு லைனோரமாகவே போய் அடித்தேன். கோல்கீப்பர் பையன் குனிந்து பார்த்தபோது பந்து அவனுக்குப் பின்னால் வலையில் இருந்தது. கூட்டத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. அதன் பிறகு யாரும் சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான். அப்படிப்பட்டவள்தான் எண்பத்திரண்டில் இதே மாதிரி ஒரு ஃபைனலில், இதே மாதிரி ஒரு மர பெஞ்சில், பூட்ஸ் லேஸைக் கட்டி, சாக்ஸை ஏற்றிவிட்டு, தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி மூணு மாசம். மஞ்சள் கயிறு இன்னும் சாயம் போகவில்லை. ரெஃப்ரீ வயசானவர், ரொம்ப மரியாதைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல், "ஆபரணம் எதுவும் இருக்கக் கூடாதும்மா" என்றார். "இது ஆபரணம் இல்ல சார்" என்றேன். துணியில் சுற்றிப் பின் குத்திக்கொள்கிறேன் என்று கேட்டது நான்தான். முடியாது என்று அவர் சொன்னதும் என் காதில்தான் விழுந்தது. எங்கள் கோச் ஞானாதிக்கம் சார் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன் இஷ்டம் தமயந்தி" என்றார். என் இஷ்டம். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. என் புருஷன் வீட்டு ஆட்கள் ஒருத்தர்கூட அந்த ஊரிலேயே இல்லை. கழற்றி சாருடைய சட்டைப் பையில் போட்டுவிட்டு ஆடியிருக்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் தோற்றோம், நான் நிற்கவேண்டிய இடது பக்கமாகவே புகுந்து அடித்தார்கள். அது போகட்டும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சந்தானத்திடம் சொன்னேன், என்னமோ தியாகம் செய்துவிட்டு வந்த மாதிரி. அவர் போஸ்டாபீஸில் இருந்து வந்து அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பும் கையுமாக என்னைப் பார்த்தார். "இதுக்காகவா ஆடல? கழட்டி வச்சிட்டு வெளையாட வேண்டியதுதான?" என்றார். கிண்டல் இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை நான். விளையாட வேண்டியதுதானே. விளையாட வேண்டியதுதானே. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு யாராவது தடுத்திருந்தால் அவனை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதற்கப்புறம் நான் பூட்ஸைத் தொடவில்லை. கோச்சிங் படித்தேன். வேலைக்கு வந்தபோது, சேலையில்தான் கிரவுண்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். ஆறு வருஷம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கார்னர் அடித்துக் காட்டினேன், கொசுவம் கலையாமல். ஏழாம் வருஷம் ஒரு நாள் டிராக் பேண்டில் போனேன். பிரின்சிபால் மெமோ கொடுத்தார். அதை அப்படியே ஸ்போர்ட்ஸ் ரூம் சுவரில் ஒட்டிவைத்தேன், இன்னும் இருக்கிறது, பழுப்பேறி. தாலியையும் அந்த நாளிலிருந்துதான் பீரோவில் வைக்க ஆரம்பித்தேன், கழற்றவேண்டிய அவசியமே இல்லாதபோது. சந்தானம் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார், வாழைப்பூ உரித்து வைத்துவிட்டு நான் வீடு திரும்பும்வரை காத்திருப்பார். ஆக ஒன்றும் ஆகாது. நிரூபணம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சந்தானம் தபாலில் முத்திரை குத்துகிறவர். பதினாறு டன் ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக ரோட்டில் போகிறவன் வேறே. சீ, என்ன புத்தி இது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம். சம்பந்தம் இல்லை. இல்லைதான். இருந்தாலும் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், கீழே வைக்கவில்லை, அது என்னத்துக்காம்.

அறுபத்தெட்டாவது நிமிஷம். மஞ்சள்காரி ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது. அந்தப் பக்கத்துப் பெண்கள் கேலரிக்குக் கீழே இருந்த தண்ணீர் கேனுக்கு ஓடுகிறார்கள். அம்சாவும். வேண்டாம்டி, குடி, குடித்துவிட்டு வா. அவள் குடிக்கவில்லை. ஜெர்சிக் காலரை ஒரு கையால் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பாட்டிலை அப்படியே பிடரியில் கவிழ்த்தாள். மாமியாருக்கு எட்டடி தூரத்தில். தண்ணீர் கழுத்தில் வழிந்து வெயிலில் மின்னுவது எனக்கே தெரிகிறது, கிரவுண்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. தெரியாமல் செய்தாளா, தெரிந்தேவா. தெரிந்தேதான். பாத்துட்டுப் போவட்டும் மேடம். தனபாக்கியம் எழுந்துவிட்டாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து செல்போனை எடுத்தாள், கண்ணுக்குக் கிட்டே வைத்து அமுக்கினாள், காதில் வைத்தாள். வைத்துக்கொண்டே நின்றாள். எடுத்தாள், மறுபடி அமுக்கினாள், மறுபடி வைத்தாள். மகனுக்குத்தான் அடிக்கிறாள். எடுக்கவில்லையா. ஓட்டும்போது எடுக்கமாட்டான், நல்ல டிரைவர் எடுக்கமாட்டான். குடையை ஊன்றிப் படியிறங்குகிறாள். வேலியோரமாக நடக்கிறாள். கோல் போஸ்டைச் சுற்றி, இந்தப் பக்கம், என்னிடம்தான்.

நடக்கட்டும். அரை கிரவுண்டு நடக்கவேண்டும் அவள். எனக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம். கையைத் தூக்கினால் போதும், அம்சாவை வெளியே எடுத்து வேறொருத்தியை அனுப்பிவிடலாம். தனபாக்கியம் வந்து சேர்வதற்குள் பெண் பெஞ்சில் இருப்பாள், கயிறு கழுத்தில் இருக்கும், "ஆமாம்மா, ரெஃப்ரீ பாத்துட்டாரு, அதான் உக்கார வச்சிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். சுலபம். எல்லாருக்கும் நல்லது. பெஞ்சில் இடம் காலியாகத்தான் இருக்கிறது, என் பக்கத்திலேயே, ஒரு ஆள் உட்கார. என் இஷ்டம். ஞானாதிக்கம் சார் இந்த மாதிரிதான் நின்றிருப்பார் போலிருக்கிறது, பாவம், யாரையும் நோகடிக்காமல். நான் நோகடிப்பேன். கையைத் தூக்கமாட்டேன், அறுந்து விழுந்தாலும் தூக்கமாட்டேன். அம்சா பந்தை வாங்கிவிட்டாள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியின் காலுக்கு நடுவில் போட்டு எடுத்துக்கொண்டாள், அடிப் பாவி, இதை யார் சொல்லிக்கொடுத்தது. அடித்தாள். கம்பியில் பட்டுத் திரும்பியது. ஷாமியானாவில் ஒருத்தர் குனிந்து எழுதுகிறார். எழுது, நன்றாக எழுது. குடையின் நுனி மண்ணில் குத்துகிற சத்தம் கேட்கிறது.

"டீச்சர்." மூச்சு வாங்குகிறது அவளுக்கு. கண் என் மடியில் இருக்கிறது. "அவ கழுத்துல இல்ல."

பொய் நாக்கு நுனியில் ரெடியாக நிற்கிறது. உள்ளே பின் குத்தியிருக்கும்மா, வெளியே தெரியாது. இரண்டாவது தரமும் நம்புவாள். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட இருக்கும்மா. அவளே கழட்டிக் குடுத்தா. பின் குத்திக்கலாம்னு உங்ககிட்ட சொன்னது பொய். ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன் டீச்சர்?"

"உண்மையச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

அவள் அடிக்கலாம் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுகூட முடிவு செய்தேன். அவள் போனை நீட்டினாள், நான் ஏதோ பார்த்துச் சொல்லிவிடுவேன் போல. "நாக்பூர் தாண்டிட்டேன்னு நேத்து சொன்னான். காலைலேருந்து எடுக்கல. அஞ்சு தடவ அடிச்சிட்டேன். அவளக் கூப்பிடுங்க. இப்பவே கட்டிக்கட்டும்."

"கூப்பிட மாட்டேன்."

"எம்புள்ள ரோட்டுல இருக்கான் டீச்சர்."

"லாரிய அவ கழுத்து ஓட்டலம்மா. உங்க பையன்தான் ஓட்டறான்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொன்னேன் என்று தெரிந்தது. தனபாக்கியத்தின் வாய் கோணியது. "உங்களுக்குப் புருஷன் வீட்ல இருக்காரு. பேசுவீங்க" என்றாள். அவள் பயம் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அம்சாவைக் கூப்பிடவேண்டியிருக்கும். சொல்லவில்லை. பயந்துகொண்டே முடியாது என்று சொல்ல எனக்கு இப்போதுதான் வருகிறது. நாற்பத்தைந்து வயசாகிறது. லைன்ஸ்மேன் திரும்பிப் பார்த்து, வெளி ஆட்கள் இங்கே நிற்கக் கூடாது என்றான். "எங்க டீம் ஆளுதான், நீ லைனப் பாரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள், பெஞ்சின் நுனியில், குடையைப் பிடித்துக்கொண்டு. "அத எங்கிட்ட குடுங்க, பொட்டியில கெடக்க வேணாம்" என்றாள். கைக்குட்டையை எடுத்துப் பிரித்து நீட்டினேன். அவள் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. "நான் தொடக் கூடாது" என்றாள் மெதுவாக. அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. அவள் விரலைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். "பிடிங்க. உங்க வீட்டுதுதான்."

தொண்ணூறு முடிந்து விசில் அடித்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இன்னும் அரை மணி நேரம் உண்டு. பெண்கள் தள்ளாடிக்கொண்டு லைனுக்கு வருகிறார்கள். அம்சா வருகிறாள், முட்டியில் தோல் உரிந்து, உதடெல்லாம் மண். மாமியாரைப் பார்த்து நின்றாள். தனபாக்கியம் கையை நீட்டினாள், விரலிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. "கட்டிக்கடி. போதும்."

அம்சா கயிற்றைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பேச்சாகிவிடும்.

"இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு அத்த" என்றாள். "பத்திரமா வச்சிருங்க. வாங்கிக்கறேன்." என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தாள்.

"அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா" என்று என்னிடம் திரும்பினாள் தனபாக்கியம், "உங்கள சும்மா விடமாட்டேன்."

"விடாதீங்க. ஆட்டம் முடிஞ்சதும் இவளோட நானும் உங்க வீட்டுக்கு வரேன். அவன் போன் வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கேன். என்ன வேணா கேளுங்க."

ஸ்கோர் எழுதும் மேஜைக்காரர் சீட்டும் பேனாவுமாக வந்தார். "எக்ஸ்ட்ரா டைம் மேடம். ஆள் மாத்தறீங்களா? பதினொண்ணு நொண்டறாப்ல இருக்கே." தனபாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறு கையில் போன், மறுபடி அமுக்கிக் காதில் வைத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருப்பது எனக்கும் கேட்டது.

எழுந்தேன். "மாத்தல" என்றேன். "பதினொண்ணு உள்ளதான் இருப்பா."